விலைபோகாத ஒரு சுபோ

பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம், சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு ஆள் வந்து ஹினாதா இல்லத்தின் வாசலை டேப் வைத்து அளந்துகொண்டு போனான். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சவப்பெட்டிக்கு அளவெடுக்க வருகிறவன்கூட வீட்டுக்காரர்களுக்குத் தலை குனிந்துவிட்டுத்தான் அளவெடுப்பான். அன்றிலிருந்து என் கால் ஒரு இடத்தில் தரிக்கவில்லை.

ஹினாதா இல்லம் எங்கள் கமேஹாஷி கடைவீதிக்குப் பின்சந்தில் இருக்கிறது. இரண்டு மாடி மர வீடு, ஏழு அறைகள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தையைச் சேர்த்துவிட்டு ஊருக்குத் திரும்ப முடியாத வெளியூர்ப் பெற்றோர்கள் அங்கே தங்குவார்கள். ஒரு இரவுக்கு எண்ணூறு யென். ஓசாகாவில் எண்ணூறு யென்னுக்கு ஒரு கிண்ணம் ஊடோன் நூடுல்ஸ் கிடைக்கும். மேலே பொரித்த டோஃபு வேண்டுமென்றால் யோசிக்க வேண்டும். வீட்டுச் சொந்தக்காரர் உயிரோடு இருந்தவரை வாடகை என்று ஒன்றும் வாங்கவில்லை. போன வருஷம் அவர் போய்விட்டார். நகோயாவில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேரும் கெட்டவர்கள் இல்லை, அப்பாவின் பேருக்காக ஒரு சலுகை கொடுத்தார்கள்: மார்ச் முப்பத்தொன்றுக்குள் ஒன்றரைக் கோடி யென் கட்டினால் வீடு உங்களுக்கு. சந்தை விலையில் அது பாதிதான். கட்டாவிட்டால் கார் நிறுத்துமிடம் போடும் கம்பெனிக்கு. டேப் வைத்து அளந்தவன் அந்தக் கம்பெனி ஆள்.

இல்லத்தை நடத்துகிறவர் மிசோகுச்சி-சான். அதே ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டில் இருபத்தெட்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். ஊசி போடும்போது நடுங்காத கை, காசு கேட்கப் போனால் நடுங்கும். கடைக்குள் நுழைவார், மூன்று முறை குனிந்து வணங்குவார், "தொந்தரவுக்கு மன்னிக்கணும்" என்பார், எதையாவது விலைக்கு வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுவார். நன்கொடை கேட்கப் போன முதல் வாரத்தில் அவர் வாங்கி வந்தது: நான்கு கட்டு வெங்காயத்தாள், ஒரு குடை, பூனைக்கு ஒரு கழுத்துப்பட்டை. அவரிடம் பூனை கிடையாது.

என்னை எப்படி இதில் இழுத்தார்கள் என்றால், நான் மெத்தைக் கடைக்காரி. கடையின் பேர் வதாயா. எங்கள் வீதியில் ஆளைக் கடைப் பேரால்தான் கூப்பிடுவார்கள், ஆகவே நானும் வதாயா. அந்த ஏழு அறையிலும் விரித்திருக்கும் மெத்தைகள் நான் கொடுத்தவை. மெத்தை கொடுத்த புண்ணியவதி என்று நிதிக் குழுவில் போட்டுவிட்டார்கள். குழுவில் மூன்றாவது ஆள் குஜிராய்-சான். தோக்கியோக்காரர், வங்கியில் முப்பத்தைந்து வருஷம். மனைவியின் ஊர் என்பதால் ஓய்வுபெற்றபின் இங்கே வந்து குடியேறினார். அவர் பேசினால் ரேடியோ செய்தி கேட்கிற மாதிரி இருக்கும். எங்கள் வீதியில் அவரைப் பார்த்தாலே நாலு பேர், "இன்னிக்கு மழை வருமா, சார்?" என்று கேட்பார்கள். அவரும் உண்மையாகவே பதில் சொல்வார்.

குஜிராய்-சான் திட்டம் போட்டார். நான்கு கட்டம், ஆறு வண்ணம், ஒரு பெரிய தாளில். இணையத்தில் ஒரு பக்கம் திறந்தார். முன்பு இல்லத்தில் தங்கிப்போன பெற்றோர்கள் அனுப்பிய பணம் பத்திரச் செலவுக்கும் வரிக்கும் சரியாகிவிடும் என்று கணக்கு. வீட்டின் விலைக்கு நம்பியது எங்கள் வீதியை. நூற்றிருபது கடை. முதல் பக்கம் வீதிச் சங்கத் தலைவருக்கு என்று ஒதுக்கி, நல்ல தாளில் ஒரு நன்கொடை நோட்டுத் தைத்தார். அதுவரை எல்லாம் சரி.

பதினான்காம் தேதி காலையில் அவர் என் கடைக்குள் கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

"வதாயா-சான், தொடக்கமே அமோகம். தலைவர் உடனே எழுதிட்டார். அவரைத் தொடர்ந்து பதினேழு கடை!"

நோட்டை வாங்கிப் பார்த்தேன். முதல் வரி: சுமிதானி பாத்திரக் கடை, பத்தாயிரம் யென். அடுத்தது தேயிலைக் கடை, ஐயாயிரம். மருந்துக் கடை, ஐயாயிரம். பூக்கடை, மூவாயிரம். அதற்குக் கீழே வரிசையாக மூவாயிரம், மூவாயிரம், மூவாயிரம்.

நோட்டை மூடினேன்.

"தலைவர்கிட்ட எவ்வளவு கேட்டீங்க?"

"தொகை எதுவும் சொல்லலை. விருப்பப்பட்டதை எழுதுங்கன்னேன். நாமளே தொகை சொல்றது மரியாதையா இருக்காது இல்லையா?"

"ஐயோ, குஜிராய்-சான்! எங்க வீதியில 'விருப்பப்பட்டதை'ன்னு சொன்னா, 'டீ செலவுக்கு ஏதாவது குடுங்க'ன்னு அர்த்தம்!"

"பத்தாயிரம் குறைச்சலா?"

"குறைச்சலா இருந்தாத் தேவலையே. இதுதான் இப்போ கூரை. தலைவருக்கு மேல எவனாவது எழுதுவானா? எழுதினா அவரைக் கன்னத்துல அறைஞ்ச மாதிரி. நூத்தியிருபது கடையும் மூச்சுப் பிடிச்சுக் குடுத்தாலும் பன்னிரண்டு லட்சம் தாண்டாது."

அவர் விரல் விட்டுக் கணக்குப் போட்டார். வங்கிக்காரர் அல்லவா, உடனே முகம் வெளுத்தது. "திரும்பப் போய், இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடுங்கன்னு கேட்டா?"

"எழுதின வரியை மாத்தச் சொல்றதும் அவர் வேட்டியை உருவறதும் ஒண்ணு. அதுக்கப்புறம் இந்த வீதியில உங்களுக்கு முள்ளங்கிகூட விக்க மாட்டாங்க."

அன்று கடையில் நான் உட்காரவே இல்லை. மடித்த மெத்தை உறைகளைப் பிரித்து மறுபடி மடித்தேன். கல்லாவுக்கும் வாசலுக்கும் நடந்தேன். கொன்னியாக்குக் கிழங்குக் களி வாங்குகிற சாக்கில் வீதியை மூன்று முறை சுற்றி வந்தேன். வீட்டில் அதைத் தின்ன ஆள் இல்லை. பின்சந்தில் எட்டிப் பார்த்தால், மிசோகுச்சி-சான் ஏற்கனவே துவைத்துக் காய்ந்த விரிப்புகளை மறுபடி துவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"இரண்டாம் நம்பர் அறை ஒகிமோரி-சானுக்கு ஜூன் வரைக்கும் இடம் உண்டுன்னு வாக்குக் குடுத்திருக்கேன். தீவுலேர்ந்து வந்திருக்காங்க. பையனுக்கு ஏப்ரல் ரெண்டாம் தேதி மஜ்ஜை மாத்தறாங்க. அதுக்கப்புறம் மூணு மாசம் அம்மா பக்கத்துலயே இருக்கணும்."

"ஓட்டல்ல?"

"ஏழாயிரம் ஒரு நாளைக்கு. புருஷன் படகுல போறவர்." மிசோகுச்சி-சான் விரிப்பைப் பிழிந்தார். பிழிந்ததையே மறுபடி பிழிந்தார். "நான் என்ன சொல்லி அனுப்புவேன் அவங்களை?"

பதில் மறுநாள் தானாகக் கடைக்குள் வந்தது, கையில் காய்கறிப் பையோடு. பன்னிரண்டாயிரம் யென் மெத்தையை ஒரு அம்மாள் அரைமணி நேரம் பேரம் பேசி ஒன்பதாயிரத்துக்கு இறக்கினாள். எனக்கு அடக்கம் ஆறாயிரம். வெற்றிக் களிப்பில் போகிற போக்கில் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டாள். அது அவளுக்குத் தேவையே இல்லை. அவள் முதுகைப் பார்த்துக்கொண்டே நின்றேன். இதே அம்மாளிடம் கோயில் உண்டியலை நீட்டினால் ஐந்து யென் நாணயத்தைத் தேடி எடுப்பாள்.

எங்கள் ஆட்களிடம் கொடு என்றால் கை மூடிக்கொள்ளும். விற்கிறேன் என்றால் திறந்துகொள்ளும். மூன்று தலைமுறையாக இதை வைத்துத்தான் சோறு தின்கிறோம், ஒரு நல்ல காரியம் என்று வந்ததும் மறந்துவிட்டோம்.

குழுவைக் கூட்டினேன். "அந்த மனை எத்தனை சுபோ?"

"முப்பது," என்றார் குஜிராய்-சான். ஒரு சுபோ என்பது இரண்டு தத்தாமிப் பாய் விரிக்கிற இடம்.

"ஒன்றரைக் கோடியை முப்பதால வகுங்க."

"சுபோவுக்கு ஐந்து லட்சம்."

"அப்போ சுபோ ஏழு லட்சம்னு விக்கறோம்."

"ஐந்துன்னு சொன்னேனே?"

"அஞ்சுக்கு வாங்கணும்னா ஏழுன்னு சொல்லணும், குஜிராய்-சான். பேரம் பேச இடம் வைக்கலேன்னா எவனும் உள்ளயே வரமாட்டான்."

மிசோகுச்சி-சானுக்கு மனசு ஒப்பவில்லை. "வீட்டைத் துண்டு போட்டு விக்கறதா? பெத்தவங்க தங்கற இடம்…"

"நிலம் சட்டப்படி இல்லத்தோட சங்கத்துக்குத்தான்," என்று குஜிராய்-சான் முதல்முறையாக எனக்கு ஆதரவாகப் பேசினார். "ரசீதுல நன்கொடைன்னுதான் போடுவேன். அவங்களுக்குக் கிடைக்கிறது வரைபடத்துல ஒரு கட்டம், அதுல பேர். சும்மா காத்துதான்."

"காத்து இல்ல. பேரு," என்றேன்.

சுமிதானித் தலைவருக்கு எழுபத்தாறு வயது. கடை முழுக்க வாணலிகள் தொங்கும். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிச் சத்தம் கேட்டபின்தான் விற்பார். வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

"வியாபாரம் எப்படி, தலைவரே?"

"ஏதோ போவுது. நோட்டுக்காக வந்திருந்தா, நான் எழுதியாச்சு."

"நோட்டா? அதை விடுங்க. நான் நிலம் விக்க வந்திருக்கேன்."

வாணலியைத் தட்டிய விரல் நின்றது. "யார் நிலம்?"

"பின்சந்துல முப்பது சுபோ. ஸ்டேஷன்லேர்ந்து ஆறு நிமிஷ நடை. வெளியில சுபோ பத்து லட்சம் போவுது. உங்க மூஞ்சிக்காக ஏழு."

"என் மூஞ்சிக்கு ஏழா? கண்ணாடியில பார்த்துட்டுத்தான் சொல்றேன், நாலுக்கு மேல பெறாது."

"நாலுன்னா செத்துப்போன வீட்டுக்காரரு எழுந்து வந்துடுவாரு, தலைவரே."

"வரட்டும். சோறு வடிக்கற அண்டா ஒண்ணுக்குப் பாக்கி வெச்சுட்டுப் போனான். வந்தா வசூல் பண்ணிக்கிறேன். சரி, வாங்கினா பத்திரம் உண்டா?"

"கிடையாது."

"வாடகை?"

"வராது. திருப்பி விக்கவும் முடியாது."

"நல்லா இருக்கே வியாபாரம்! அப்புறம் எவன் வாங்குவான் அதை?"

"பேரு எழுதின வரைபடம் வீதி அறிவிப்புப் பலகையில தொங்கும். இல்லத்துக்குள்ள நிரந்தரமா மாட்டுவோம். முதல்ல வாங்கறவருக்கு எந்த இடம்னு தேர்ந்தெடுக்கற உரிமை. மருந்துக் கடைக்காரர் நேத்தே வாசலைக் கேட்டுட்டுப் போனார்."

இது பொய். மருந்துக் கடைக்காரர் நேற்று என்னிடம் கேட்டது ஒரு தலையணை உறை.

"அவனுக்கு வாசலா?" தலைவர் எழுந்தே விட்டார். "வர்றவன் போறவன் எல்லாம் அவன் பேரை மிதிச்சுட்டுப் போகணுமாக்கும்? நாலரை."

"ஆறரை. என் அடக்கமே அதுதான்."

"உங்க கடையில அடக்க விலைன்னு ஒண்ணு இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லையே. அஞ்சு. வாசல் எனக்கு. இதுக்கு மேல ஒரு யென் கேட்டா இந்த வாணலியாலயே அடிப்பேன்."

நான் கொஞ்ச நேரம் அழுதேன், வேண்டிய அளவுக்கு. பிறகு வரைபடத்தை விரித்தேன். "சரி, அஞ்சு. முன்பணம்தான் ஏற்கனவே குடுத்துட்டீங்களே."

"எப்போ?"

"நோட்டுல. முதல் வரி. பத்தாயிரம். மீதி நாலு லட்சத்துத் தொண்ணூறாயிரம்."

அவர் தலைக்கு மேலிருந்த வாணலியை ஒரு தட்டுத் தட்டினார். அது மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது. எழுதிய பத்தாயிரம் எத்தனை சின்னது என்று நான் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதும் இல்லை.

"உங்க அப்பன்கூட இவ்வளவு பெரிய திருடன் இல்ல, வதாயா."

"நன்றி, தலைவரே."

"தலைவர் ஒண்ணு வாங்கினா மத்தவன் அரைதான் வாங்குவான். மூணு போடு."

வெளியே வந்து மீன் கடைக்காரனின் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தேன்.

அதன் பிறகு பணம் ஓடி வந்தது என்று சொன்னால் கதை அழகாக இருக்கும். நடந்து வந்தது, அதுவும் நொண்டிக்கொண்டு. ஆனால் வந்தது. தலைவர் மூன்று என்றதும் தேயிலைக் கடை இரண்டு எடுத்தது. மருந்துக் கடைக்காரர், வாசல் போய்விட்டதே என்று நிஜமாகவே கோபப்பட்டு, மாடிப்படியை வாங்கினார். சின்னக் கடைகள் நாலு பேர், ஐந்து பேர் கூட்டுச் சேர்ந்து ஒரு கட்டத்தை எடுத்தார்கள். ஒவ்வொருவரும் ஏழிலிருந்து ஐந்துக்கு இறக்கிவிட்டு, மற்றவன் ஐந்தரைக்கு ஏமாந்தான் என்று நம்பினார்கள். நோட்டில் எழுதிய மூவாயிரங்கள் எல்லாம் முன்பணமாயின. பூக்கடைக்காரி வெயில் விழும் கட்டம் எது என்று மூன்று நாள் காலையில் பின்சந்தில் நின்று பார்த்துவிட்டு வாங்கினாள். தாகோயாகி உருண்டை சுடுகிறவன் சமையலறையைக் கேட்டான். அதை ஊடோன் கடை ஏற்கனவே எடுத்துவிட்டதால் பத்து நாள் அவர்களுக்குள் பேச்சில்லை.

மார்ச் இருபத்துநான்கு. இருபத்தெட்டு கட்டம் போய்விட்டது. இரண்டு பாக்கி.

இங்கேதான் நான் செய்த முட்டாள்தனம் வெளியே வந்தது. மெத்தை விற்கிறவள் மெத்தையை மேலிருந்து காட்டுவாளே தவிர அடிப்புறத்தைப் புரட்டிக் காட்ட மாட்டாள். நானோ முழு வரைபடத்தையும் அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்து மாட்டியிருந்தேன், எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று அழகான எழுத்தில் எழுதி. பாக்கி இருந்த ஒன்று வடகிழக்கு மூலை. பிசாசு வாசல். அந்தத் திசையில் எங்கள் ஆட்கள் குடைகூடச் சாய்த்து வைக்க மாட்டார்கள். இன்னொன்று கக்கூஸ்.

"கக்கூஸ்ல என் பேரா?" என்று மீன் கடைக்காரன் கேட்டான். "பரம்பரைக்கும் சொல்லிச் சிரிப்பாங்க."

"விலை குறைச்சுத் தரேன்."

"நீ காசு குடுத்தாலும் வேண்டாம், அக்கா."

அன்று சாயங்காலம் சாம்பல் கோட்டுக்காரன் மறுபடி வந்தான். இந்த முறை கையில் சக்கரம் வைத்த அளவுகோல். சந்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை அதைத் தள்ளிக்கொண்டு போனான், டிக் டிக் என்று. மாடி ஜன்னலில் ஒகிமோரி-சான் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேலே பார்த்து ஏதோ கையசைத்தேன். அவரும் அசைத்தார். மிசோகுச்சி-சான் அவரிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை. சொல்லாமலே தெரிந்துவிட்டது என்று அந்தக் கை அசைந்த விதத்தில் தெரிந்தது.

அதற்கப்புறம் நான்கு நாள் நான் தூங்கினேனா என்று எனக்கு நினைவில்லை. சாப்பிட்டது நின்றுகொண்டு. போன் அடித்தால் அடுத்த அறையிலிருந்து ஓடுவேன், அடிக்காவிட்டால் எடுத்துக் காதில் வைத்து, வேலை செய்கிறதா என்று பார்ப்பேன். வீதிக்கு வெளியே இருந்த ஒரு கோயில் குருவிடம் வடகிழக்கு மூலையை விற்கப் போனேன். பிசாசு ஓட்டுவது உங்கள் தொழில்தானே என்றேன். அவர் ஒரு தாயத்தை எனக்கு விற்று அனுப்பினார்.

இருபத்தெட்டாம் தேதி குஜிராய்-சான் கடைக்கு வந்து ஒரு உறையை வைத்தார்.

"வடகிழக்கு மூலை. நான் எடுத்துக்கிறேன்."

"பிசாசு வாசல்னு தெரியுமில்ல?"

"வங்கியில முப்பத்தஞ்சு வருஷம் கடன் பிரிவுல இருந்தேன். அதைவிட மோசமான வாசலா?" அவர் நகைச்சுவை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

உறையைப் பிரித்தேன். ஏழு லட்சம் இருந்தது.

"ஏழா? பேரம் பேசலையா நீங்க?"

"விலை ஏழுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார், ரேடியோ குரலில். "பத்தாயிரத்துல ஆரம்பிச்சது என் தப்பு. நான் தள்ளுபடி கேக்கக் கூடாது."

ஆக, குறைச்சல் இப்போது மூன்று லட்சம்தான். மூன்று லட்சம்! எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மறுநாள் வீதிச் சங்க அலுவலகத்தில் தலைவர், தேயிலைக் கடை, மருந்துக் கடை, பூக்கடை எல்லாரும் இருக்கும்போது விஷயத்தைப் போட்டேன்.

"மூணு லட்சம்தான் தலைவரே. ஆளுக்குக் கொஞ்சம் கூடப் போட்டா முடிஞ்சுது."

தலைவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சுவரிலிருந்த வரைபடத்துக்கு முன்னால் போய் நின்றார். ஒவ்வொரு கட்டமாக விரலால் தட்டிக்கொண்டு வந்தார், வாணலியைத் தட்டுகிற மாதிரி. கடைசிவரை தட்டிவிட்டுத் திரும்பினார்.

"இதுல ஒரு பேரு இல்லையே."

"யாரு? செருப்புக் கடையா? அவங்க கூட்டுல அரை…"

"வதாயா."

அறையில் எல்லாரும் டீக் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

"நான்தான் மெத்தை குடுத்திருக்கேனே!" என்றேன். "ஏழு அறைக்கும்!"

"குடுத்தியா, வித்தியா?"

"அது வந்து…"

"இல்ல, இல்ல," என்று மிசோகுச்சி-சான் எனக்கு உதவி செய்கிற அவசரத்தில் குறுக்கே புகுந்தார். "வதாயா-சான் ரொம்பக் குறைச்ச விலைக்குத்தான் போட்டுக் குடுத்தாங்க. ஒண்ணு ஏழாயிரத்தைந்நூறு. பில்லுகூடப் பத்திரமா வெச்சிருக்கேன்!"

பூக்கடைக்காரி சிரித்த சிரிப்பில் அவள் டீ மூக்கில் ஏறிவிட்டது. நான் சிரிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த நிமிஷம்வரை நான் கொடுத்ததாகத்தான் நானே நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு மெத்தைக்கு ஆயிரத்தைந்நூறு லாபம் வைத்துக் கொடுத்திருக்கிறேன்.

"சரி," என்றேன். காது சுட்டது. "அந்த மூணை நான் போடறேன்."

"மூணா? பாக்கி இருக்கற கட்டம் எது?"

"கக்கூஸ்."

"சுபோ என்ன விலை?"

"தலைவரே, குறைச்சல் மூணுதான்!"

"குறைச்சல் உன் கவலை. விலை என்ன?"

"…ஏழு."

"ஏழு குடு."

"எல்லாருக்கும் அஞ்சு!"

"எல்லாரும் பேசி வாங்கினாங்க. நீயும் பேசு. யாரு வேண்டாம்னது?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். "ஸ்டேஷன்லேர்ந்து ஆறு நிமிஷ நடை. வெளியில பத்து போவுது. உன் மூஞ்சிக்காக ஏழு."

என் வார்த்தையையே எனக்கு விற்றான் மனுஷன். நாலு என்றேன், செத்தவர் எழுந்து வருவார் என்றார். பழைய குந்துகிற கக்கூஸ், கதவு ஆடுகிறது, வடக்குப் பக்கம், வெயில் இல்லை என்றேன். வெயிலில் யாராவது அந்த வேலைக்கு உட்காருவார்களா என்று கேட்டார். நாலரை என்றேன். ஆறே முக்கால் என்றார். கடைக்கு ஏ.சி. மாற்ற வைத்திருக்கிற பணம் என்று உண்மையைச் சொன்னேன். உண்மை சொல்ல ஆரம்பித்தால் வியாபாரம் போய்விடும் என்று எனக்குத் தெரியும், இருந்தாலும் சொல்லிவிட்டேன். அவர் கொஞ்சமும் அசையவில்லை.

"ஆகஸ்டுல விசிறி வெச்சுக்க. ஆறரை."

"ஆறு! இதுக்கு மேல ஒரு யென் கேட்டா மெத்தையாலயே அடிப்பேன்."

"மெத்தையால அடிச்சா வலிக்காதே." தலைவர் கைதட்டினார். "சரி, ஆறு. எழுதிக்கோ, குஜிராய்-சான். அதிகப்படி மூணு லட்சத்துல அந்தக் கக்கூஸை உட்கார்ற மாதிரி மாத்தி, கதவைச் சரி பண்ணுங்க. பிடிச்சு எழுந்திருக்க ஒரு கம்பியும் போடுங்க."

முப்பத்தொன்றாம் தேதி பத்திரம் முடிந்தது. மிசோகுச்சி-சான் முத்திரை குத்தும்போது கை நடுங்கியதால் வட்டம் கொஞ்சம் கோணிவிட்டது. செல்லுமா செல்லாதா என்று பத்து நிமிஷம் எல்லாருக்கும் உயிர் போயிற்று. செல்லும் என்றார்கள்.

மறுநாள் காலை நான் என் நிலத்தைப் பார்க்கப் போனேன். ஆறு லட்சம் கொடுத்திருக்கிறேன், பார்க்க வேண்டாமா? தாழ்வாரத்தின் கடைசியில் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஆள். காத்து நின்றேன். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். குழாயில் தண்ணீர் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கோ அந்த இரண்டு மாசப் பழக்கம், கால் சும்மா நிற்கவில்லை. கதவைத் தட்டக் கையைத் தூக்கினேன்.

மிசோகுச்சி-சான் பின்னாலிருந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஒகிமோரி-சான்," என்றார் மெதுவாக. "நாளைக்குத்தானே பையனுக்கு. கொஞ்ச நேரம் விடுங்க."

தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் வேறொரு சத்தம் அப்போதுதான் என் காதில் விழுந்தது.

"அறைக்கு எல்லாம் காகிதத் தட்டிதானே, மூச்சு விட்டா அடுத்த அறைக்குக் கேக்கும். ஆஸ்பத்திரியில பையன் முன்னால முடியாது. இந்த வீட்டுல தாழ்ப்பாள் இருக்கற கதவு இது ஒண்ணுதான். பன்னிரண்டு வருஷமா எல்லாரும் இங்கே வந்துதான் அழறாங்க. தண்ணி பில் பார்த்தாத் தெரியும்."

"இதை ஒரு மாசம் முன்னாடி சொல்லக் கூடாதா?" என்றேன். "ஒன்பது லட்சம்னு விலை சொல்லியிருப்பேனே!"

மிசோகுச்சி-சான் அதைக் காதில் வாங்காத மாதிரி விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு போனார்.

தோளில் துண்டோடு ஐந்தாம் நம்பர் அறைக்காரர் தாழ்வாரத்தில் வந்தார். மூடிய கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே நேரமாகும் என்று சொல்லி, வீதி முனையிலிருக்கும் பொதுக் கழிப்பறைக்கு அவருக்கு வழி காட்டினேன். பிறகு கதவுக்கு முதுகு காட்டித் தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்தேன், வேறு யாரும் வந்து தட்டிவிடாமல்.